1917, 1920 என்று இரண்டு ஆண்டு பொறித்த லூகர்: இதன் மதிப்பை எப்படிக் கணிப்பது?

அந்திமழை:

வணக்கம். பெரியப்பா சேர்த்து வைத்திருந்த பழைய ராணுவப் பொருட்கள் அவர் போன பிறகு என்னிடம் வந்திருக்கின்றன. உரிமம், பெயர் மாற்றம் எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது, அதில் கேள்வி இல்லை. தொப்பி, பதக்கம், வாள் உறை என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் போட்டு எழுதி வைத்த மனிதர், ஒரே ஒரு கைத்துப்பாக்கியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. அதைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஜெர்மன் லூகர், பி.08. குழல் பத்து சென்டிமீட்டர். மேலே, தோட்டா உட்காரும் அறைக்கு நேராக 1917 என்று இருக்கிறது, அதற்கு மேலேயே கொஞ்சம் வேறு மாதிரி எழுத்தில் 1920 என்றும் இருக்கிறது. மேலே மடங்கும் மூட்டின் முன்பகுதியில், செய்த கம்பெனியின் சின்னமாக டி.டபிள்யூ.எம். என்று மூன்று எழுத்தும் பின்னிக்கொண்டிருக்கின்றன. சீரியல் எண் நான்கு இலக்கம், கீழே ஒரு சாய்வெழுத்து. சின்னச் சின்ன பாகங்களில் எல்லாம் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கமான 58 இருக்கிறது, ஆனால் இடப்பக்கம் கழன்று வரும் தகட்டில் மட்டும் 31. மேகசினுக்கு, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டிக்கு, மர அடி, அதில் சம்பந்தமே இல்லாத எண். குழல் முனையிலும் ஓரங்களிலும் கறுப்பு தேய்ந்து வெள்ளி தெரிகிறது, இடப்பக்கம் இரண்டு இடத்தில் பழுப்புத் திட்டு. டிரிகர் தேன் நிறத்தில் இருக்கிறது, அது துருவா என்று எனக்குத் தெரியவில்லை.

தோல் உறையும் உண்டு. விறைத்துக் கட்டையாகிவிட்டது. அதன் முன்னோரத்தில் ஒரு சின்ன பை இருக்கிறது, வார் குமிழோடு ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி கனம்.

ஒரு வியாபாரியிடம் காட்டினேன். இரண்டு ஆண்டு இருந்தால் இரண்டு துப்பாக்கியைச் சேர்த்து ஒட்டியது என்று அர்த்தம், உதிரிபாக விலைதான் தர முடியும் என்றார். கூடவே, புதிதாக புளூயிங் (இரும்புக்குக் கருநீலப் பூச்சு) போட்டு எண்ணையும் சரி செய்தால் நல்ல விலை போகும், அந்த வேலையையும் தானே செய்து தருவதாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஏதோ இடித்ததால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விற்கும் அவசரம் இல்லை. ஆனால் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதையெல்லாம் எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்?


பழைய இரும்பு:

எடுத்துக்கொண்டு வந்தது நல்ல காரியம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அது காலியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பெரியப்பா பார்த்திருப்பார், வியாபாரி பார்த்திருப்பார் என்று விடாதீர்கள். குழல் முனையை ஆள் இல்லாத பக்கம் வைத்து, மேகசினைக் கழற்றி, மேல் மூட்டின் இரு பக்கக் குமிழையும் பிடித்துப் பின்னோக்கி மேலே இழுத்து, அறைக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். லூகரில் தோட்டாவை இழுத்து வெளியே தள்ளும் கொக்கித் தகடு ஒன்று மேலே இருக்கும். அறையில் தோட்டா இருந்தால் அது சற்று எழும்பி நிற்கும், அதன் இடப்பக்கத்தில் 'கெலாடன்' என்ற சொல் தெரியும். ஜெர்மனில் 'நிரப்பியிருக்கிறது' என்று பொருள். அது தெரியவில்லை என்பதற்காக அறையைப் பார்க்காமல் விடக்கூடாது.

அடுத்து, எதையும் துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். நைலான் பிரஷ், பல்பொடி, துரு நீக்கி, எஃகுப் பஞ்சு எதுவும் அதன் பக்கத்தில் போகக்கூடாது. மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒரு முறை ஒற்றி எடுங்கள், அது போதும்.

இப்போது அந்த 1920. வியாபாரி சொன்னது தவறு. முதல் உலகப்போர் முடிந்தபோது லட்சக்கணக்கான ஆயுதங்கள் ஜெர்மனியில் தனியார் கைகளுக்குப் போய்விட்டன. எது அரசு ஆயுதம், எது ஒளித்து வைத்த ஆயுதம் என்று பிரித்தறிய, ராணுவத்தின் கையிருப்பில் இருந்தவற்றில் 1920 என்ற எண்ணை அடித்தார்கள். அது தயாரித்த ஆண்டு அல்ல, அரசு உடைமை முத்திரை. 1917 என்பதுதான் பிறந்த ஆண்டு. சேகரிப்பாளர்கள் இதை 'இரட்டைத் தேதி லூகர்' என்றே சொல்வார்கள். இரண்டு எழுத்தும் வேறு மாதிரி இருப்பதும் அதனால்தான், மூன்று ஆண்டு இடைவெளியில் வேறு வேறு இடத்தில் அடித்தது. உங்கள் துப்பாக்கி போர் முடிந்த பிறகும் சேவையில் தொடர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

டிரிகர் துரு இல்லை, கவலை வேண்டாம். அந்தக் காலத்து லூகரில் டிரிகர், பாதுகாப்பு நெம்புகோல், பிரிக்கும் நெம்புகோல், மேகசின் விடுவிக்கும் பொத்தான் போன்ற சிறு பாகங்களைச் சூடாக்கி வைக்கோல் நிறம் வரும் இடத்தில் நிறுத்துவார்கள். புதிதில் பொன் மாதிரி மின்னும், வயசானால் தேன் நிறத்துக்கு வந்து மங்கும். பின்னாளில் லூகரைச் செய்த மௌசர் ஆலை 1937இல் புளூயிங் முறையை மாற்றியபோது இந்த வைக்கோல் நிறமும் போய்விட்டது. ஆகவே 1917 லூகர் ஒன்றில் டிரிகர் நீலமாக இருந்தால் யாரோ மொத்தமாக மறுபூச்சு செய்திருக்கிறார்கள் என்று உடனே சந்தேகம் வரும். உங்களுடையது மங்கிய தேன் நிறம் என்கிறீர்கள், படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

வியாபாரி புளூயிங் போட்டிருந்தால் இந்தச் சாட்சிகள் எல்லாம் அன்றைக்கே அழிந்திருக்கும். பழைய பூச்சு எண்பது சதவீதமோ நாற்பது சதவீதமோ, மிச்சம் இருப்பது எவ்வளவு என்பதைத்தான் சேகரிப்பாளர்கள் பார்க்கிறார்கள். புதுப்பூச்சு நூறு சதவீதம் பளபளத்தாலும் அந்தக் கணக்கில் அது பூஜ்யம்.

எண் விஷயத்துக்கு வருகிறேன். தகட்டில் 31 இருப்பது உண்மையான குறைதான், மறைத்துப் பயன் இல்லை. லூகரைப் பொறுத்தவரை எல்லா பாகத்திலும் எண் ஒத்துப்போவதுதான் மதிப்பின் பெரும்பகுதி. ஆனால் எந்தப் பாகம் மாறியிருக்கிறது என்பதும் முக்கியம். குழல் மாறியிருந்தால் அது வேறு கதை. பக்கத்தகடு கையாலேயே கழன்று வருவது, படைவீரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கும்போது ஒருவருடையது இன்னொருவருக்குப் போயிருக்கலாம். அதனால் இவற்றைப் பார்த்து எழுதுங்கள்:

குழலின் அடிப்பக்கத்தில் முழு சீரியல் எண் இருக்கிறதா, அதோடு 8,82 அல்லது 8,83 மாதிரி ஒரு எண் இருக்கிறதா. அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள்.

குழலும் மேல் சட்டமும் சேரும் இடத்தில், அடியில், இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோடு ஒரே நேர்கோடாக இருக்கிறதா, இல்லை முறிந்து விலகியிருக்கிறதா.

மேல் சட்டத்தின் வலப்பக்கம், கிரீடத்தின் கீழ் ஒரு எழுத்து என்று மூன்று முத்திரையும் ஒரு கழுகும் இருக்கின்றனவா.

கைப்பிடியின் முன்பக்க இரும்பில் ஏதாவது எண்ணும் எழுத்தும் அடித்திருக்கிறதா. 81.ஆர்.5.23 மாதிரி இருந்தால் 81ஆம் ரெஜிமென்ட், 5ஆம் கம்பெனி, 23ஆம் ஆயுதம். இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை, இருந்தால் கூடுதல்.

உறையின் பையை மட்டும் பலவந்தமாகத் திறக்காதீர்கள். எண்ணெய், மெழுகு, தண்ணீர் எதுவும் தோலில் போடக்கூடாது. வாரைப் பிடித்து இழுத்தால் தையலோடு வரும். குமிழ் இருக்கும் துளையைச் சுற்றிக் கட்டைவிரலால் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக் கொடுங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று இல்லை. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு ஒரு யூகம் இருக்கிறது, இப்போது சொல்லமாட்டேன்.


கருங்காலிப் பெட்டி:

மேலே அண்ணன் சொன்னதற்கு என் கையில் ஒரு அத்தாட்சி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு வெப்லி மார்க் 6 ரிவால்வர் வாங்கினேன். 1915இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த மாடல், .455 ரகம். என்னுடையதில் 1916 என்று பொறித்திருந்தது. சிலிண்டரைத் திருத்தாத துப்பாக்கி அது. இந்த ரகத்தில் நிறைய துப்பாக்கிகளின் சிலிண்டர் பின்பக்கத்தை அரைத்து, .45 ஏ.சி.பி. தோட்டாவைக் கிளிப்போடு போடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள், அரைக்காத சிலிண்டர் என்றால் அதற்கே தனி மரியாதை. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் பார்க்க அழுக்காக இருக்கிறது என்பது மட்டும்தான்.

ஒரு பட்டறையில் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் கண்ணாடி மாதிரி வந்தது. அன்று மாலை முழுக்க விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவு ஆசை. மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. எண்கோணக் குழலின் விளிம்புகள் எல்லாம் கத்தி மாதிரி இருந்தவை, சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று உருண்டுவிட்டன. ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழி, சாணைச் சக்கரம் உள்ளே இறங்கிய இடம். முன்பு பழுப்பாக இருந்த துருக் குழிகள் எங்கும் போகவில்லை, அவற்றின் மேலேயே கறுப்புப் பூச்சு ஏறி உட்கார்ந்திருக்கிறது. பூச்சுக்கு அடியில் குழி இருந்தால் அது பிற்காலப் பூச்சு என்று இப்போது தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன், அதைக் கற்றுக்கொடுத்தது அந்த வெப்லிதான்.

அதைவிட வலித்தது இன்னொன்று. சட்டத்தில் இரண்டு அம்பு முனைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் முத்திரை ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் அரசு தன் உடைமை மேல் ஒரு அம்பு அடிக்கும். சேவையிலிருந்து விடுவித்து விற்கும்போது எதிரே இன்னொரு அம்பு அடித்து முனையோடு முனை சேர்ப்பார்கள். ராணுவத்திலிருந்து முறையாக வெளியே வந்தது என்பதற்கு அதுவே ரசீது. இப்போது ஒரு அம்பின் வால் மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

ஆறு மாதம் கழித்து ஒரு சேகரிப்பாளரிடம் காட்டினேன். சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டு, 'அரைக்காத சிலிண்டர்' என்று முகம் மலர்ந்தவர், வெளிச்சத்தில் திருப்பினார், அப்புறம் எதுவும் பேசாமல் மேஜையில் வைத்துவிட்டார். அந்தப் பணத்தை நானே கொடுத்து அந்த நாசத்தைச் செய்ய வைத்தேன் என்பது இன்றைக்கும் ஆறவில்லை. அந்திமழை, தயவுசெய்து செய்யாதீர்கள்.


நெடுஞ்சாலை:

ஒரு சந்தேகம். எண் பொறிக்காத பக்கத்தகடு ஒன்றை வாங்கி அதில் 58 என்று அடித்துவிட்டால் எல்லாம் ஒத்துப்போகுமே? யாருக்குத் தெரியும்? தகடும் பழையதுதானே.


பழைய இரும்பு:

தெரியும் தம்பி. ஆலையில் அடித்த எண்ணின் எழுத்துரு, ஆழம், சாய்வு எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அதே ஆண்டில் வந்த பத்துத் துப்பாக்கிப் படங்களை அருகில் வைத்துப் பார்த்தால் புது 58 தனியாகத் தெரியும். புளூயிங்குக்குப் பிறகு ஆலையிலேயே அடித்த முத்திரை என்றால் விளிம்பில் உலோகம் லேசாகப் பிதுங்கி மெல்லிய வெளிர் வளையம் நிற்கும். மறுபூச்சு செய்தவர்கள் கையில் அந்த வளையம் முதலில் போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர எவராலும் முடிந்து நான் பார்த்ததில்லை.

அதற்கும் மேலே ஒன்று. 31 என்ற தகட்டோடு நேர்மையாக இருக்கும் துப்பாக்கிக்கு ஒரு விலை உண்டு, அதை வாங்கவும் ஆள் உண்டு. போலி 58 இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால் அதன் மற்ற எல்லா எண்களையும் சந்தேகிப்பார்கள். ஒரு தகட்டுக்காக மொத்தத்தையும் அடகு வைப்பது அது. தவிர வாங்குகிறவரை ஏமாற்றுவது, அதை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க நான் தயாராக இல்லை.


தூரிகை:

நான் பழைய இரும்பு அண்ணனோடு ஒரு இடத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒத்துப்போகாத எண் என்றாலே குறை என்று லூகர்காரர்கள் பேசுகிறார்கள், லூகருக்கு அது சரி. எல்லா ராணுவத் துப்பாக்கிக்கும் அதே அளவுகோலை வைக்கக்கூடாது. அமெரிக்க ராணுவக் கைத்துப்பாக்கியான எம்1911ஏ1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பிறகு ஆயுதசாலைகளில் நூற்றுக்கணக்கில் பிரித்துக் கொட்டி, பழுது பார்த்து, கைக்கு வந்த பாகத்தைப் போட்டுச் சேர்த்தார்கள், அப்படிச் சேர்த்த ஆயுதசாலையின் எழுத்துகளையும் சட்டத்தில் அடித்தார்கள். ஒரு கம்பெனி சட்டம், இன்னொரு கம்பெனி சிலைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) என்று இருந்தால், அதுவும் அது வாழ்ந்த வாழ்க்கைதான். சேவையில் இருந்தபோது நடந்த மாற்றம் வரலாறு, சேவையை விட்ட பிறகு விற்பதற்காகச் செய்த மாற்றம் கெடுதல். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதே எம்1911ஏ1 ரகத்தில் சிங்கர் தையல் மிஷின் கம்பெனி 1941இல் செய்தது 500 மட்டும், எஸ்800001 முதல் எஸ்800500 வரை. அது கிடைத்தால் தேய்ந்து போயிருந்தாலும் கூட்டம் கூடும், அதனால் போலியும் அதில்தான் அதிகம். உங்கள் 1917 டி.டபிள்யூ.எம். அப்படி இல்லை. போர்க்காலத்தில் ஏராளமாகச் செய்தது. ரகம் அரிதாக இல்லாதபோது நிலைமைதான் பேசும், நிலைமை சுமாராக இருந்தால் கூட வரும் பொருட்கள் பேசும். கடற்படை லூகராக இருந்தால் 15 சென்டிமீட்டர் குழலும் பின்னால் இரண்டு நிலைக் குறிகாட்டியும் இருக்கும், பீரங்கிப் படையினருக்கு வந்ததில் 20 சென்டிமீட்டர் குழலும் 800 மீட்டர் வரை எண் போட்ட குறிகாட்டியும். அவையெல்லாம் ரகத்தாலேயே மேலே நிற்பவை.


வெள்ளெருக்கு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தூரிகை அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னிடம் ஒரு சக்கிமுக்கிக் கல் பிஸ்டல் இருக்கிறது, குதிரைப்படையினர் வைத்திருந்த பெரிய ரகம். விசைத்தகட்டில் பின்னங்கால்களில் நின்றுகொண்டு கிரீடம் பிடித்த சிங்கம். கிழக்கிந்தியக் கம்பெனி என்று சொல்லி விற்றார்கள். கல் பிடிக்கும் வாய், வெடிமருந்துக் கிண்ணம் எல்லாம் கூர்மையாக, புதிது போல இருக்கிறது. தகடு மட்டும் தேய்ந்திருக்கிறது. அதிர்ஷ்டமா, ஆபத்தா?


தூரிகை:

சிங்கம் கம்பெனியின் முத்திரைதான். அதற்கு முன்பு இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகளை அடைத்த முத்திரை, 1808 வாக்கில் சிங்கம் வந்தது. அதுவரை சரி.

ஆனால் நீங்கள் சொல்லும் கடைசி இரண்டு வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே விசையில் தகடு தேய்ந்து, அதன் மேல் உட்காரும் பாகங்கள் கூர்மையாக இருக்க வழி என்ன? 1840களில் ராணுவங்கள் கல்லை விட்டுவிட்டு, தட்டினால் தீப்பொறி தரும் சின்ன உலோகத் தொப்பிக்கு மாறின. மருந்துக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, தீத்துளை இருந்த இடத்தில் உருளை ஒன்றை முறுக்கி, அதில் தொப்பி மாட்டும் முலை வைத்தார்கள். நிறைய பழைய கல் பிஸ்டல்கள் அப்படி மாறின. பின்னாளில் கல் பிஸ்டலுக்கு மதிப்பு அதிகம் என்று தெரிந்ததும், மாற்றியதை மறுபடி கல்லுக்கே மாற்றி விற்க ஆரம்பித்தார்கள். உங்களுடையது அப்படித் திரும்ப மாற்றியதாக இருக்கலாம், பார்க்காமல் அடித்துச் சொல்லமாட்டேன்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. தகட்டைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், பழைய துளைகளை அடைத்து மழுக்கிய வட்டங்கள் தெரியும், வெளியே தெரியாதது உள்ளே தெரியும். தீத்துளையைச் சுற்றி, உருளை முறுக்கிய பெரிய துளையை அடைத்திருந்தால், சாய்ந்த வெளிச்சத்தில் நிறம் மாறிய ஒரு வளையம் காட்டும். உண்மையாகவே கல்லில் சுட்ட துப்பாக்கி என்றால் தீத்துளைக்குப் பக்கத்துக் குழல் அரித்திருக்கும், அருகில் மரம் கருகியிருக்கும். சுட்ட அடையாளமே இல்லாமல் தகடு மட்டும் எப்படித் தேய்ந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தொப்பிக்கு மாறிய நிலையிலேயே விட்டிருந்தால் அதுவும் சேவைக்காலத்து மாற்றமாக மதிக்கத்தக்கதே. திரும்ப மாற்றியதால்தான் இரண்டும் கெட்டது.

அப்புறம் முக்கியமான ஒன்று, முன்வாய் வழியாக மருந்து இடும் துப்பாக்கிகளில் பழைய மருந்தும் குண்டும் உள்ளேயே கிடப்பது உண்டு. மரக்குச்சி ஒன்றை வாயிலிருந்து அடி வரை மெல்ல விட்டு, வாய் மட்டத்தில் விரலால் பிடித்து எடுத்து, குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி தீத்துளை வரை வர வேண்டும். இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படி இருந்தால் நீங்கள் தோண்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.


வெள்ளெருக்கு:

குச்சி தீத்துளை வரை போகிறது, காலி. தகட்டின் உள்பக்கம் இரண்டு வட்டம் தெரிகிறது. நன்றி அக்கா.


நெடுஞ்சாலை:

ஒரு குட்டிக் கேள்வி மட்டும். ஜப்பானிய நாம்பு கைத்துப்பாக்கி, 14ஆம் ரகம் ஒன்றில் 18.5 என்று இருக்கிறது. 1918 மே மாதமா?


பழைய இரும்பு:

இல்லை. முன்னால் ஒரு ஜப்பானிய எழுத்து இருக்கும், ஷோவா காலம் என்பதன் சுருக்கம். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டுங்கள். 18 என்றால் 1943, மே மாதம். அந்த ரகமே 1920களில்தான் வந்தது, 1918 ஆக வழியில்லை.


கருங்காலிப் பெட்டி:

பழம்பொருள் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நாம் பேச்சில் எல்லாவற்றையும் பழம்பொருள் என்கிறோம். சட்டத்தில் அதற்குத் தனி வரையறை உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்ததுதான் பழம்பொருள், 1917 லூகர் அதில் வராது. 1896இல் வந்த ஜெர்மன் கைத்துப்பாக்கி மௌசர் சி96இல் முதல் இரண்டு மூன்று ஆண்டுத் துப்பாக்கி மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரே மாடலில் ஒரு வருட வித்தியாசம் மதிப்பையே மாற்றிவிடும். வாங்கினாலும் விற்றாலும் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சி96 பற்றி வாயெடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி மரத்தில் பெரிதாக 9 என்று செதுக்கிச் சிவப்பு பூசியிருக்கும் ரகம் ஒன்று உண்டு, 1916இல் பிரஷ்ய ராணுவம் 9 மி.மீ.க்காக வாங்கியது, பழைய 7.63 மி.மீ. தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செதுக்கியது. சிவப்பு 9 இருந்தால் விலை ஏறுகிறது என்பதால் வெறும் கைப்பிடி மரத்தை மட்டும் வாங்கி மாட்டுகிறார்கள். மரத்தைப் பார்த்து மயங்காமல் குழலின் அளவைப் பாருங்கள்.


அந்திமழை:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லாரும் இவ்வளவு எழுதியிருப்பதைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டேன்.

அறை காலி, இரண்டு முறை பார்த்தேன். குழலின் அடியில் முழு எண்ணும் இருக்கிறது, சட்டத்தில் இருப்பதே. பக்கத்தில் 8,83. குறுக்குக் கோடு நேராக, முறியாமல் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் மூன்று கிரீடமும் கழுகும் உண்டு, கழுகின் ஒரு இறக்கை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியின் முன்பக்கம் வெறுமை. குழல் எண்ணின் ஓரத்தில் அந்த வெளிர் வளையத்தைத் தேடினேன், காலை பத்து மணி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது இரண்டு இலக்கத்தைச் சுற்றித் தெரிந்தது. அதைப் பார்த்தபோது பெரியப்பா பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது.

பை திறக்க ஏழு நாள் ஆனது. தினமும் ராத்திரி பத்து நிமிஷம், நீங்கள் சொன்ன மாதிரி துளையைச் சுற்றிக் கட்டைவிரலால். ஏழாவது நாள் லேசான சத்தத்தோடு குமிழ் விட்டது. உள்ளே இன்னொரு மேகசின். தோல் தொட்ட பக்கம் புள்ளிப்புள்ளியாகத் துரு, ஆனால் மர அடி நன்றாக இருக்கிறது. அதில் துப்பாக்கியின் அதே நான்கு இலக்க எண், கீழே அதே சாய்வெழுத்து, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.

கூட்டல் குறி எதற்கு?


பழைய இரும்பு:

இதைத்தான் எதிர்பார்த்தேன், ஆனால் எண் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவில்லை! அந்தக் காலத்தில் ஒரு துப்பாக்கிக்கு இரண்டு மேகசின் கொடுப்பார்கள், இரண்டிலும் துப்பாக்கியின் எண். உபரி மேகசினில் மட்டும் கூடுதலாக + அடிப்பார்கள். துப்பாக்கியில் மாட்டியிருந்த மேகசின் எங்கோ மாறிப்போயிருக்கிறது, பையில் இருந்தது யார் கையும் படாமல் தப்பியிருக்கிறது. ஒத்துப்போகும் மேகசினோடு லூகர் கிடைப்பது அபூர்வம். தகட்டின் 31 ஒரு பக்கம் கீழே இழுத்தால் இது மறுபக்கம் தூக்கி நிறுத்தும். சொந்தக் குழல், சொந்தப் பூச்சு, 1920 முத்திரை, உறை, உபரி மேகசின். அந்த வியாபாரி சொன்ன உதிரிபாக விலை இதற்குப் பொருந்தவே பொருந்தாது. எழுத்து மூலம் மதிப்பீடு தரும் ஒருவரிடம், விற்பனையில் பங்கில்லாதவராகப் பார்த்து, நேரில் காட்டுங்கள்.

மேகசினைத் திரும்பப் பையில் போடாதீர்கள், துப்பாக்கியையும் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், உங்கள் மேகசினின் துருப்புள்ளி அப்படி வந்ததுதான். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், பக்கத்திலேயே இருக்கட்டும். துருப்புள்ளிக்கு எண்ணெய் ஒரு துளி, துணியில் தொட்டு ஒற்றினால் போதும், மர அடியில் மட்டும் படவேண்டாம்.

உறையின் மடிப்புக்குள்ளே ஒரு சின்ன பை இருக்கும், பிரிக்கும் கருவி வைப்பதற்கு. அதையும் பார்த்துவிட்டீர்களா? உறையின் பின்பக்கம் செய்தவர் பெயரும் ஆண்டும் அடித்திருந்தால் அதன் படத்தையும் போடுங்கள்.


அந்திமழை:

மடிப்புக்குள் கருவி இல்லை, இருந்த தடம் மட்டும் தோலில் பதிந்திருக்கிறது. பின்பக்கம் ஆண்டு தெரிகிறது, 1917. பெயர் பாதி அழிந்திருக்கிறது. நாளைக் காலை வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். நோட்டில் காலியாக இருந்த பக்கத்தில் இன்றைக்கு எல்லா எண்ணையும் எழுதிவிட்டேன், தகட்டின் 31 உட்பட.